அம்மாவின் கன்னத்தில் கொரியா நூல்

1

இந்த நாட்டில் ஒருவருக்கு விசேஷம் என்றால் அவரே கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நான் ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் முடிந்த அன்று கேக்கோடு அலுவலகம் போனேன். நிர்வாகப் பிரிவு தன் பங்குக்கு என் மேசையில் ஒரு தாள் வைத்திருந்தது. ஏழு வருடத்தில் நான் எடுத்த விடுப்புகளின் பட்டியல். பட்டியல் என்றால் எனக்குப் பிடிக்கும், உட்கார்ந்து படித்தேன். பல் பிடுங்கியது, வீடு மாறியது, மொழித் தேர்வு. நடுவில் ஒரு வரி:

"அவசர விடுப்பு, பதினாறு நாள். காரணம்: தாயாரின் முகம்."

எழுதியவர் மேல் பிழை இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இரண்டு சொற்களை விளக்காமல் விட்டால் ஊரில் இருப்பவர்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். ஆகவே இந்தக் குறிப்பு.

2

நான் திருச்சி கே.கே. நகரில் வளர்ந்து, துவாக்குடியில் பொறியியல் படித்து, இங்கே வந்து நூலை இழுத்து அறுக்கிறேன். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் தைக்கிறார்களே, அந்த நூல். உடம்புக்குள் ஆறேழு மாதத்தில் தானாகவே கரைந்துவிடும். அதில் ஒரு வகைக்குக் கருவேல முள்போல நெடுகப் பொடிப்பொடியாக முள் உண்டு. தொங்கிப்போன கன்னத்தின் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி வழியாக அதைச் செலுத்தி, மேல்நோக்கி இழுத்துவிடுவார்கள். முள் சதையைப் பிடித்துக்கொள்ளும். கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரு மணி நேர வேலை. எவ்வளவு பலத்தில் இழுத்தால் முள் பிடியை விடும் என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை.

இதை வீட்டில் ஒரே ஒரு முறை விளக்கியிருக்கிறேன். அம்மா அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அம்மா பெயர் சாந்தி. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் பேசியே சம்பளம் வாங்கியவள். அப்பா விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அவருக்கு விசிலில் பேச வரும், பொய் பேச வராது. இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன வருடம் அம்மாவை மூன்று மாதம் இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று விசாவுக்கு ஏற்பாடு செய்தேன். புகைப்படத்துக்கான விதிகளைத் தமிழில் பெயர்த்து வரிசை எண் போட்டு அனுப்பினேன். சிரிக்கக் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும். படத்தில் முக்கால் பங்கு முகமாகவே இருக்க வேண்டும். நிழல் விழக் கூடாது. கணினியில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது.

தில்லைநகர் ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். "லேசா டச்சப் பண்ணிடவாம்மா? எல்லாரும் கேப்பாங்க" என்றிருக்கிறார். "தொடக் கூடாது, எம் பொண்ணு ரூல்ஸ் அனுப்பிருக்கா" என்று அம்மா தடுத்திருக்கிறாள். பிறகு படத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு வருடத்தில் சிரிக்காத, திருத்தாத தன் முகத்தை அவள் பார்த்தது அன்றுதான்.

"மாலை போட்டு மாட்டிடலாம்போல இருக்குடி" என்று எனக்குப் போனில் சொன்னாள். நான், "விதிப்படி சரியா இருக்கும்மா" என்றேன். ஒரு மகள் சொல்லக்கூடிய மிக மோசமான பதில் அது என்று இப்போது தெரிகிறது.

3

இரண்டு மாதம் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "அம்மா மௌன விரதம். மூன்று வாரம். போன் செய்ய வேண்டாம்."

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாள். அதையும் மதியம் இரண்டு மணிக்கு மேல் மறந்துவிடுவாள். மூன்று வாரம் பேசாமல் இருப்பவள் என் அம்மா இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. விரதம்."

"எதுக்கு?"

"சாமிக்கு."

"எந்தச் சாமிக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பொதுவா" என்றார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லின் பொருள் தெரியும். என் தோழி ஒருத்தியின் அப்பாவுக்கு 'ஒண்ணுமில்ல' என்று எட்டு நாள் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் பெட்டி கட்டச் சொன்னார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் ஆதாரம் திரட்டினேன்.

சாப்பாடு என்ன என்று கேட்டதற்கு, "கஞ்சிதான், ஸ்ட்ரா போட்டு" என்று அப்பா வாய் தவறிச் சொன்னார். தூங்கும்போது மல்லாந்தே படுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். யார் சொன்னது என்றதும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். எதிர் வீட்டுக் கோமளா மாமி வாட்ஸப் ஸ்டேட்டஸில் தன் வாசல் கோலத்தை ஒரு சிறு காணொளியாகப் போட்டிருந்தார். கோலத்தின் ஓரத்தில் அம்மா நின்றாள். மாமியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் வீங்கி, அசையாமல் இருந்தது.

அந்தக் காணொளியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பேச்சில்லை, முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, விழுங்க முடியவில்லை. பக்கவாதம். வேறு எதுவும் இந்த மூன்றுக்கும் பொருந்தவில்லை.

மேலாளரிடம் ஓடினேன். பதற்றத்தில் என் ஜெர்மன் முதல் வகுப்புக்குப் போய்விட்டது. "என் அம்மா பேசவில்லை" என்றேன். அவர் முகம் கனிந்தது. சண்டை என்று நினைத்துவிட்டார். "என் அம்மாவும் நானும் இரண்டு வருடம் பேசவில்லை. ஒரு வாழ்த்து அட்டை அனுப்பிப் பார்" என்றார். "இல்லை, அவர் முகம், அவர் முகம்" என்று என் கன்னத்தை நானே பிடித்து இழுத்துக் காட்டினேன். அவர் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

4

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குப் பத்தொன்பது மணி நேரம். விமானம் மாறிய இடத்தில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாங்குவதா, கட்டில் வாங்குவதா என்று ஒரு பட்டியல் போட்டேன். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி நின்றபோது, இனி ஊரோடு வந்துவிடுவது என்று முடிவும் எடுத்துவிட்டேன். சொல்லாமல்தான் போனேன்.

கதவைத் திறந்தது அம்மா. இரண்டு காலில் நின்றாள். கையில் முறத்தில் கீரை இருந்தது. என்னைப் பார்த்ததும் வாய் திறக்கப் போனவள், இரண்டு உள்ளங்கையாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டாள். கீரை வாசலெல்லாம் சிதறியது.

"கையத் தூக்கும்மா. ரெண்டு கையும்."

தூக்கினாள்.

"சிரி."

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"அம்மா, சிரிச்சுக் காட்டு! முகம் ஒரு பக்கம் இழுக்குதான்னு பாக்கணும்."

அம்மா பல்லைக் கடித்தபடி, உதடு அசையாமல், பொம்மலாட்டக்காரர்போல ஒரு குரலில் சொன்னாள்: "சிரிச்சா அவுந்துரும்டி."

"என்ன அவுந்துரும்?"

"நூலு."

நான் பையை அப்படியே கீழே போட்டேன். உள்ளேயிருந்து அப்பா எட்டிப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லலை சாந்தி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வா பாப்பா. காபி சாப்பிடறியா?" என்றார்.

முழுக் கதையும் உதடு அசையாமல் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. விசாப் படத்தைப் பார்த்த பிறகு அம்மாவுக்கு என் வெண்டைக்காய் விளக்கம் நினைவுக்கு வந்திருக்கிறது. கண்டோன்மெண்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். கன்னத்துக்கு நான்கு நான்காக எட்டு நூல். அந்த டாக்டரம்மா சொல்லி அனுப்பியது: மூன்று வாரம் வாயை அகலமாகத் திறக்கக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, முறுக்கு கூடாது, முகத்தைத் தேய்க்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"குறைச்சுப் பேசறது எனக்கு எப்படிடி வரும்? பேசினா பேசுவேன், இல்லன்னா இல்ல. அதான் விரதம்னு சொல்லிட்டேன். இந்த ஊர்ல அதுக்கு மட்டும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"வேண்டாம்னு சொல்லுவ. விதிப்படி சரியா இருக்குன்னு சொன்னவதானே நீ."

அம்மா என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தருகே கொண்டுபோனாள். தொடவிடவில்லை, பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"உன் கம்பெனி நூல்தான் வேணும்னு கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. கொரியா நூலாம். கோச்சுக்காதடி."

பத்தொன்பது மணி நேரம் நான் அடக்கிவைத்த அழுகை அங்கேதான் வந்தது. அம்மா அதைப் பார்த்து அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிட்டாள். தொழில்முறையில் சொல்கிறேன், கொரியா நூல் நல்ல நூல்தான்.

5

பிரச்சினை வாசலுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்தது.

வீக்கம் நாளுக்கு நாள் வடிந்தது. முகம் மேலேறி, தாடை எடுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. இதைக் கோமளா மாமி கவனித்தார். மாமிக்கு அறுபத்தாறு வயது, கணவர் இல்லை, ஒரே மகன் சம்பத் அமெரிக்காவில். காலையில் கோயிலில் தாயாரை ஸேவித்துவிட்டு வந்து, பதினோரு மணிக்கு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது அவர் வழக்கம். அம்மாவின் விரதம் அதை நிறுத்தவில்லை. இரண்டு பேருக்குமாக மாமியே பேசினார்.

"பாத்தேளா, முகத்துல என்ன தேஜஸ் வந்துடுத்து! வாக்கை அடக்கினா சும்மாவா? பெருமாள் கண்ணெதிர்ல காமிச்சுக் குடுக்கறார்!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது பக்தி என்று பதிவானது.

அந்த வார முடிவுக்குள் எங்கள் குடியிருப்பில் நான்கு பெண்கள் மௌன விரதம் தொடங்கினார்கள். இரண்டாம் மாடியில் மாமியார் மருமகள் இரண்டு பேருமே. லிஃப்டில் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு ஏறி இறங்கினோம். அப்பாவிடம் முதல் மாடிக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா தெய்வம் சார்" என்று தழுதழுத்தார். குடியிருப்போர் சங்கக் கூட்டம் முதன்முறையாக இருபது நிமிடத்தில் முடிந்தது.

இதுவரை எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நாளையிலேர்ந்து நானும் ஒரு மண்டலம் மௌனம்டிம்மா. தேஜஸுக்கு இல்ல, இந்த வயசுல எனக்கு எதுக்கு தேஜஸ். உங்கம்மா நாலு நாள் வாயை மூடினா, நீ கடல் தாண்டி ஓடி வந்து நிக்கறே. நான் நாலு வருஷமா சம்பத்தை வாடா வாடான்னு வாய் ஓயாம கூப்டுண்டே இருக்கேன். தப்பு எங்கேன்னு இப்பன்னா புரியறது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமி என் தலையில் கைவைத்து, "நீ புண்ணியம் பண்ணின பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்பத்தெட்டு நாளுக்கு அதுதான் அவருடைய கடைசிப் பேச்சாக இருக்க வேண்டியது.

6

சம்பத் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அம்மாவைப் போனில் கூப்பிடுவார். அந்த ஞாயிறும் கூப்பிட்டார். மாமி எடுத்தார். பேசவில்லை. மகன் குரலைக் கேட்க ஆசை, விரதத்தையும் விடக்கூடாது. ஆகவே போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுமட்டும் விட்டிருக்கிறார். சம்பத் மூன்று முறை வைத்துவிட்டு மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் மூச்சு. பிறகு அப்பாவின் போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி. மௌன விரதம்."

"எங்கம்மாவா? மௌனமா? அங்கிள், உண்மைய சொல்லுங்கோ. ஸ்ட்ரோக்கா? நான் டிக்கெட் பாத்துண்டிருக்கேன். பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங் வேற இல்ல, வந்தா திரும்பிப் போக எத்தனை மாசமாகும்னு தெரியாது, வேலை போனாலும் போகட்டும். சொல்லுங்கோ."

நான் போனை வாங்கி, அவர் அம்மா நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அரை மணி நேரம் மட்டும் டிக்கெட் வாங்காமல் இருக்கும்படி கெஞ்சி வைத்தேன்.

"அம்மா, நீ போய் மாமிகிட்ட உண்மையைச் சொல்லணும்."

அம்மா உதடு அசைக்காமலே சண்டை போடக் கற்றுக்கொண்டிருந்தாள். "வரட்டுமேடி. நாலு வருஷம். அந்த மாமி மத்தியானம் ஒரு தட்டு வெச்சுக்கிட்டுத் தனியா சாப்பிடறது உனக்குத் தெரியுமா? நீ ஓடி வந்த அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? தப்புதான், பொய்தான். ஆனா வந்தியே."

அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"விமானம் மாறின இடத்துல, நீ இருக்கியா இல்லையான்னு தெரியாம, பெட்டியில கோடிப் புடவை எடுத்து வெச்சிருக்கணுமோன்னு... வேண்டாம்மா. அந்தப் பத்தொன்பது மணி நேரத்தை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். சம்பத் அண்ணனுக்கும் குடுக்காதே."

அம்மா அப்போதுதான் உண்மையாகவே பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மாமி ஊஞ்சலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எதிரே நின்றாள்.

"மாமி, நான் விரதம் இல்ல."

மாமி புருவத்தை உயர்த்தினார்.

"கன்னத்துல நூல் வெச்சிருக்கேன். எட்டு. வாயத் தொறந்தா அவுந்துரும்னு டாக்டர் சொன்னாங்க. இவ ஓடி வந்தது பெருமாளால இல்ல, எனக்கு வாதம்னு நெனச்சுப் பயந்து வந்துட்டா. இப்ப உங்க சம்பத்தும் அப்படித்தான் பயந்துக்கிட்டிருக்காரு. என்னால. மன்னிச்சுருங்க மாமி."

மாமி அம்மாவின் வலது கன்னத்தைப் பார்த்தார். இடது கன்னத்தைப் பார்த்தார். விரலால் காற்றில் கீழிருந்து மேலே ஒரு கோடு இழுத்து, அப்படியா என்று சைகையில் கேட்டார். அம்மா தலையாட்டினாள். மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் அருகே போனேன்.

"அடிப்பாவி!" மாமியின் ஆறு நாள் மௌனம் அந்தச் சொல்லில் உடைந்தது. "இதுக்கா நான் தேஜஸ் தேஜஸ்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன்! ரெண்டாம் மாடிக்காரா ரெண்டு பேரும் வாயத் தொறக்காம ஜாடையிலேயே சண்டை போட்டுண்டிருக்காளே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

மாமி சிரிக்கத் தொடங்கினார். அம்மா கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். மாமி, "கோயில்ல பட்டர் விரதக்காரான்னு உங்களுக்குத் தனியா தீர்த்தம் குடுத்தாரே!" என்றதும் அம்மாவால் முடியவில்லை. பதினாறு நாள் சிரிப்பு மொத்தமாக வெளியே வந்தது. வாய் முழுதாகத் திறந்தது.

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. இடது காதுக்குக் கீழே, 'டக்'.

அம்மா சிரிப்பதை நிறுத்தவில்லை.

பிறகு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பத்தைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசியது அவர்தான். மாமி கடைசியில் சொன்னது இவ்வளவுதான்:

"பயந்துண்டு வராதேடா. வரணும்னு தோணினா வா."

7

முள் பிடி விட்ட இடத்தில் இடது கன்னம் கொஞ்சம் இறங்கியது. சரிசெய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். அம்மா, "ஒரு பக்கம் பொண்ணு மாதிரி, ஒரு பக்கம் அம்மா மாதிரி இருக்கட்டும்" என்று வந்துவிட்டாள். புது முகத்துக்குப் புதுப் படம் கேட்பார்களோ என்று விசா அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. சம்பத் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டவர் இப்போது தினமும் கூப்பிடுகிறார். மாமி அதைப் பாதி வெற்றி என்று சொல்கிறார். மீதிப் பாதி என்னவென்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

கிளம்பும் அன்று அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கினேன். இனி என்ன நடந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டும். அம்மா அதைத் தொலைபேசி நிலையத்து ஒழுங்கோடு நிறைவேற்றி வருகிறாள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து செய்தி. இன்று மூன்று தும்மல். அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வலது கன்னமும் இறங்குகிறதோ என்று சந்தேகம், மாமி இல்லை என்கிறார். நெல்லிக்காய் சாப்பிட்டேன், பல் கூசுகிறது. கூட்டங்களின் நடுவே என் போன் துடித்துக்கொண்டே இருக்கிறது. போதும் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு செய்தி வந்தது.

"அப்பாவுக்குக் காலையிலிருந்து நெஞ்சு அடைக்கிறது போல இருக்கிறதாம். ஈசிஜி எடுக்க வந்திருக்கிறோம். ஒன்றும் இல்லை என்று எழுத மாட்டேன். இன்னும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது."

ஏழு வருடத்தில் வீட்டிலிருந்து 'பயம்' என்ற சொல் எனக்கு வந்ததே இல்லை. விமான நிறுவனத்தின் பக்கத்தைத் திறக்கவில்லை. பட்டியல் எதுவும் போடவில்லை. "எனக்கும்" என்று பதில் எழுதினேன்.

அம்மா உடனே பார்த்தாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் அந்த ஈசிஜி தாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்.